தமிழகத்தில் திராட்சையும் ஒயினும்: கம்பம் பன்னீர் திராட்சையின் வரலாறு

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கறுப்புத் திராட்சை பன்னீர் திராட்சை எனப்படுகிறது. 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழகத்தில் பெரும்பாலும் பழமாகவே விற்கப்படும் இதே திராட்சையிலிருந்து வேறு நாடுகளில் ஒயின் தயாரிக்கிறார்கள். ஒயின் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. ஆனால் பானம் முதலில் வந்தது, கொடி மிகவும் பிந்தி வந்தது.

யவனர் கொண்டுவந்த மது

புறநானூற்றின் 56-ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் மகளிர் தரப் பருகுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். இது பாடலில் மட்டும் உள்ள செய்தி அன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ஆம்போரா எனப்படும் இருகைப்பிடி மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயினுக்கு உரிய சாடி வகையும் உண்டு. அந்த ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கமாம், உப்புக் கரித்திருக்கும்!

எங்கள் காஞ்சிப் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. பாலாற்று முகத்துவாரத்தில் உள்ள வசவசமுத்திரத்தில் 1970-ஐ ஒட்டித் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது அங்கும் ஆம்போராத் துண்டுகள் வெளிப்பட்டன. ஆயினும் இதை மிகைப்படுத்தக் கூடாது. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளஸ்' என்ற கிரேக்க வணிகக் குறிப்பேடு, முசிறியில் இறக்குமதியான ஒயினின் அளவு அதிகமில்லை என்றே கூறுகிறது. சாதாரண மக்கள் குடித்தது கள். கடல் கடந்து வந்த ஒயின் அரசர், செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்திருக்கும்.

1832 என்னும் ஆண்டு

14-ஆம் நூற்றாண்டில் தௌலதாபாத்துக்குச் சென்ற இபின் பதூதா அங்கு விளைந்த திராட்சையைக் குறிப்பிடுகிறார். தமிழகத்துக்குப் பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சையிலிருந்து எடுத்த ரசமே வேண்டும். வேறு பழச்சாறு ஆகாது. கப்பலில் வரும் ஒயினை எதிர்பார்த்திருந்த பாதிரியார்கள் கொடியையே நட்டுப் பார்த்தார்கள் என்பது நம்பத்தக்கதே.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பன்னீர் திராட்சை என்பது தோட்டக்கலையில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் வகை. அது இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயரில் ஸ்னோ என்ற தோட்டக்காரர் உருவாக்கிய கலப்பு வகை. காலம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஸ்கியாவா கிராசா, மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா ஆகியவையே அதன் பெற்றோர் என மரபணு ஆய்வும் உறுதி செய்துள்ளது. ஆகவே 1832-இல் வந்த கொடியும் இன்றைய பன்னீர் கொடியும் ஒன்றாக இருக்க முடியாது. முதலில் வேறொரு வகை வந்து, மணமுள்ள இந்த வகை பிறகு அதன் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. 1832-ஐத் திராட்சை வந்த ஆண்டாகக் கொள்ளலாம். பன்னீர் வந்த ஆண்டாக எழுதுவது பொருந்தாது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓயாத கொடி

குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் பனி இல்லாததால் கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்வதே இங்கு பருவத்தைத் தீர்மானிக்கிறது. கற்கால், கம்பிப் பந்தலில் படரவிட்டு, கவாத்து செய்த நான்கு மாத அளவில் பழம் பறிக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை வரை எடுக்கலாம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் ஏதாவது ஒரு தோட்டத்தில் எந்த மாதமும் பழம் இருப்பது இதனால்தான். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் இப்பள்ளத்தாக்கின் வேளாண்மையையே மாற்றியது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

ஒயின் ஏன் ஊன்றவில்லை?

பழம் குறை சொல்லத்தக்கது அன்று. சீனாவின் தியான்ஜினில் 1980-இல் பிரெஞ்சுக் கூட்டுறவுடன் தொடங்கிய டைனஸ்டி நிறுவனம் இதே மஸ்கட் ஹாம்பர்க்கில்தான் வெள்ளை ஒயின் செய்து பெயர் பெற்றது. சாற்றை உடனே தோலிலிருந்து பிரித்துவிட்டால் கறுப்புப் பழத்திலும் வெள்ளை ஒயின் கிடைக்கும். தோலோடு நொதிக்கவிட்டால் சிவப்பு.

தடை பெரும்பாலும் சட்டமும் சந்தையும்தான். 1937-இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்து, 1974-இல் திரும்பி, 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். மகாராட்டிரமோ 2001-இல் ஒயினுக்கெனத் தனிக்கொள்கை வகுத்து, நாசிக்கில் தோட்டத்துக்கே வந்து சுவைத்து வாங்கும் சுற்றுலாவை வளர்த்தது. அங்கே ஷிராஸ், செனின் பிளாங்க் போன்ற ஒயின் வகைகளையே தனியாகப் பயிரிட்டார்கள். தேனியிலும் ஒயின் ஆலை வந்தது. ஆனால் பிராந்தி, ரம் கேட்டு வருவோர் நிற்கும் கடை வரிசையில் உள்ளூர் ஒயினை விளக்கிச் சொல்லி விற்பவர் யார்?

இழப்பு விவசாயிக்குத்தான். பன்னீர் பழம் நெடுநாள் தாங்காது. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். வரத்து ஒன்றாகச் சேர்ந்தால் விலை சரியும். அப்போது வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியதாகிறது. அத்தகைய பழத்தை வாங்கி ரசமாகவோ ஒயினாகவோ மாற்றும் ஆலையைத்தான் கம்பம் விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள்.