மீட்புத் தகடு மறைந்த கதை

தேசூர், ஆரணி வட்டாரப் பட்டுத்தறிகளில் ஜக்கார்டு பூட்டிய தறியைப் பார்த்தவர்கள் அறிவோம்: கரையின் பூவேலை தறிக்குள் இல்லை, துளையிட்ட அட்டைகளில் இருக்கிறது. தறி பழுதானால் அட்டைக் கோவையைக் கழற்றி, அதே அமைப்புள்ள வேறொரு தறியில் மாட்டலாம், பூ பிழைத்துக்கொள்ளும். 1804இல் பிரான்சின் ஜக்கார்டு செம்மைப்படுத்திய இவ்வட்டையைத்தான் 1830களில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்.

அந்த வழிவந்த கணினி, தறியின் பாடத்தை மறந்தது எப்படி? 1990களில் புதுக்கணினியுடன் விண்டோஸ் குறுந்தகடும் கைக்கு வந்தது. 2000ஐ ஒட்டி, கள்ளப் பிரதிக்கு அஞ்சிய மைக்ரோசாஃப்ட், பெரிய தயாரிப்பாளர்கள் முழுத் தகடு தருவதைக் கட்டுப்படுத்தியது. மீட்புத் தகடு வந்தது. பின்னர் அதுவும் குறைந்து, மீட்பு நகல் வன்தட்டின் மறைவிடத்தில் குடியேறியது. தகடு வேண்டுமெனில் வாங்கியவரே எழுதிக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளருக்குச் செலவு மிச்சம். வன்தட்டு செத்தாலோ, நகலும் உடன் சாகும்.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. எத்தனையோ வீடுகளில் அதுவே முதல் கணினி, ஒரே கணினி. இன்று விண்டோஸை இணையத்திலிருந்து இறக்கிப் பென்டிரைவில் ஏற்றலாம் என்பது உண்மையே. ஆனால் அதற்கு ஓடுகின்ற இன்னொரு கணினி வேண்டுமே! அட்டையைத் தனியே காக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு, அந்த ஒரு தகட்டையேனும் கையில் கொடுத்திருக்கலாம்.