குசினியும் காம்பராவும்: மலையகத்தில் ஓர் இராவுணவின் வரலாறு

1

உணவு பற்றிய ஆராய்ச்சி இலக்கிய மாணவனுக்குப் புறம்பான துறையன்று. பெரும்பாணாற்றுப்படையிலே எயினர், ஆயர், உழவர், வலைஞர் ஆகியோரின் குடியிருப்புக்களில் பாணனுக்கு எவ்வெவ்வுணவு கிடைக்கும் என்பது வரிசையாகக் கூறப்படுகின்றது. அவ்வரிசை வெறும் சுவைப் பட்டியலன்று. எந்நிலத்தில் எத்தகைய உற்பத்தி நடைபெற்றது, அதனை மேற்கொண்டோர் எவர் என்பனவற்றை உய்த்துணர்வதற்கு உதவும் சமூகச் சான்று அது. ஆங்கு விருந்தாக வழங்கப்படுவது வழங்குவோர் தாமும் உண்ணும் உணவே என்பது மனங்கொள்ளத்தக்கது. இதனைக் கொண்டு சங்க காலத்தை ஏற்றத்தாழ்வற்ற பொற்காலமாகக் காட்ட முயல்வது பொருந்தாது; ஆற்றுப்படை நூல்களே புரவலனையும் இரவலனையும் வேறுபடுத்தும் சமுதாயத்தில் தோன்றியவை. எனினும், ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் ஆக்கும் உணவைத் தாமும் தம் பிள்ளைகளும் உண்ணாதிருத்தல் ஓர் ஒழுங்கமைந்த விதியாக நிலைபெற்ற இடத்தைக் காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அது மத்திய மலைநாட்டின் பெருந்தோட்டமாகும்.

நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வழியில், கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் கந்தப்பளை அமைந்துள்ளது. இப்பகுதியின் துரை பங்களாக்களில் இரவு மேசைக்கு வந்த இறைச்சியும் மரக்கறியும் கொண்ட உணவையே இக்கட்டுரை ஆய்வுப்பொருளாக்குகின்றது. கொத்திய இறைச்சியைப் பாண் வடிவிற் பிடித்து வேகவைத்து, அவித்த கரட், போஞ்சி, கோவா, மசித்த உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு பரிமாறும் உணவு அது. ஆங்கிலேயர் இதனை ‘வீட்டுச் சமையல்’ என்பர். அந்த ‘வீடு’ யாருடையது, அந்தச் ‘சமையல்’ யாருடையது என்பதே நம் வினா.

2

முதலில் இவ்வுணவின் தோற்றத்தை நோக்குவோம். இறைச்சியைத் தனித்து உண்ணப் போதிய வசதியுள்ளவர்கள் அதனைக் கொத்திப் பாணோடு பிசைய வேண்டிய தேவையில்லை. சிறிதளவு இறைச்சியைப் பழம்பாண், முட்டை, வெங்காயம் ஆகியவற்றாற் பெருக்கிப் பலருக்குப் பங்கிடும் முறை ஐரோப்பாவின் சிக்கனக் குடும்பங்களிலே வளர்ந்தது. ஜெர்மனியில் இதற்குப் ‘பொய் முயல்’ என்று பெயர். முயலிறைச்சி கிடைக்காதோர் அதன் வடிவிலே கொத்திறைச்சியைப் பிடித்து உண்டனர் என்பதைப் பெயரே காட்டும். 1930களின் பொருளாதார மந்த காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் இவ்வுணவு பெருவழக்குப் பெற்றமைக்கும் இதுவே காரணம். எனவே மூலத்தில் இது பற்றாக்குறையின் உணவு. இல்லத்தரசியின் ஊதியமற்ற உழைப்பே அப்பற்றாக்குறையை ஈடுசெய்தது. ‘வீட்டுச் சமையல்’ என்ற அன்புச்சொல் அவ்வுழைப்பின் விலையை மறைப்பதற்கும் பயன்பட்டது.

இத்தகைய உணவு இலங்கை மலைநாட்டில் ஆளும் வர்க்கத்தின் மேசையை அடைந்தமைக்குத் தனிக்காரணம் உண்டு. இங்கு கிடைத்தது பெரும்பாலும் வண்டியும் ஏரும் இழுத்து ஓய்ந்த மாட்டின் இறைச்சி. அதனைத் துண்டாகச் சுட்டால் மெல்ல இயலாது; கொத்தினால் உண்ணலாம். கொத்துவதற்கு ஆள் வேண்டும். தோட்டத்தில் ஆளுக்குக் குறைவில்லை. இங்கிலாந்திலே இறைச்சியின் பற்றாக்குறையால் எழுந்த உணவு, இங்கு மலிவான உழைப்பின் மிகுதியால் நிலைபெற்றது எனலாம்.

3

தட்டின் மற்றைப் பாதியாகிய மரக்கறிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1848ஆம் ஆண்டிலே சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை அமைக்கும் நோக்குடன் குடியேறிகளையும் கால்நடைகளையும் வேளாண்மைக் கருவிகளையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். 1855இல் வெளிவந்த ‘இலங்கையில் எட்டாண்டு அலைவுகள்’ என்னும் அவரது நூல் இம்முயற்சியின் கதையைக் கூறுகின்றது. எருவின்றி அம்மண் பயன்தராது என்பதை அவர் விரைவிலேயே கண்டார். கால்நடைகளும் நிலைக்கவில்லை. அதே ஆண்டில் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். ஆனால் குளிர்நிலக் காய்கறிச் செய்கை நீங்கவில்லை. அது படிப்படியாகப் பங்களாத் தோட்டங்களிலும் பின்னர் நகரைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் வேரூன்றிற்று. அந்நிலத்தைக் கொத்தியவர்களும் எருச் சுமந்தவர்களும் பேக்கரின் ஆங்கிலக் கிராமவாசிகள் அல்லர்.

இம்மரக்கறிகளின் பெயர்களையே மொழியியற் சான்றாகக் கொள்ளலாம். பாண், கோவா, குசினி, போறணை, மேசை என்பன போர்த்துக்கேய மொழிவழி வந்தவை. போஞ்சி ஒல்லாந்தச் சொல்லின் திரிபு. கரட், லீக்ஸ், பீட்ரூட் என்பன ஆங்கிலம். ஓர் இராவுணவைப் பற்றி இலங்கைத் தமிழர் பேசும்போது மூன்று ஐரோப்பிய ஆதிக்கங்களின் படிவுகள் அவர் நாவிலே உருளுகின்றன. மண்ணியலாளர் பாறைப் படைகளைக் கொண்டு காலத்தைக் கணிப்பது போல, அடுக்களைச் சொற்களைக் கொண்டு குடியேற்றவாதத்தின் காலங்களை நாம் கணிக்கலாம்.

1869ஆம் ஆண்டில் இலைநோய் காப்பியைத் தாக்கிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி அழிந்த மலைகளைத் தேயிலை நிரப்பியது. காப்பி பருவப் பயிர். அறுவடை முடியத் தொழிலாளர் தென்னிந்தியாவுக்கு மீள்வர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிரந்தரமாகத் தங்கின. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்தது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள சிறு பாதை போடப்பட்டது. பங்களாவுக்கு வேண்டிய தகரப் பொருள்களும் இரும்படுப்புகளும் மலையேறுவது இதனால் எளிதாயிற்று. அதே பாதையால் தேயிலைப் பெட்டிகள் இறங்கின.

4

பாதை வருமுன் இறைச்சி எவ்வாறு வந்தது? காப்பிக் காலத்திலிருந்தே தோட்டங்களில் தபால் சுமக்கும் ஆளுடன் ‘பீஃப் பெட்டி’ சுமக்கும் ஆளும் இருந்தனர். தகரப் பெட்டியைத் தலையில் ஏற்றி நகருக்கு நடந்து, துரையின் இறைச்சியை வாங்கி, மீண்டும் மலையேறுவதே அவர் வேலை. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர் எனத் தமிழகக் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர். மாட்டிறைச்சியைத் தொடுதல் சாதி இழிவாகக் கருதப்பட்ட சமுதாயத்தில், சுமப்பவரும் கொத்துபவரும் எங்கிருந்து வந்திருப்பர் என்பதை ஊகித்தல் அரிதன்று. சென்னை மாகாணத்து ஐரோப்பியர் இல்லங்களிலும் சமையற்காரர் பலர் இச்சாதியினரே. சாதியமைப்பு ஒருவரை எதற்காக இழிந்தவர் என்றதோ, அதனையே குடியேற்ற ஆட்சி அவருடைய தொழிற்றகைமை ஆக்கிற்று. இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கவில்லை. ஒன்று மற்றொன்றைப் பயன்படுத்திக்கொண்டது.

பங்களாவின் சமையற்காரர் ‘அப்பு’ எனப்பட்டார். அவர் செய்த வேலையைச் சற்று விரிவாக எண்ணிப் பார்க்க வேண்டும். கடினமான இறைச்சியின் நரம்பு நீக்கி, இரு கத்திகளால் அல்லது மேசையில் முடுக்கிய இரும்புப் பொறியால் கொத்துதல். பழம்பாணைப் பாலில் ஊறவைத்துப் பிழிதல். முட்டை, வெங்காயம், மிளகு, உப்பு, சாதிக்காய் சேர்த்துப் பிசைதல். தகரத்தில் அடக்கி வேகவைத்தல். போறணை இல்லாதவிடத்து, சட்டியின் கீழே தணலும் மூடியின் மேலே தணலுமாக இட்டு வெப்பத்தைச் சமப்படுத்தும் உள்நாட்டு முறை கைகொடுத்தது. விறகின் ஈரம், மலைக்காற்றின் குளிர், தணலின் நிறம் ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் அளந்து, கடிகாரமின்றி, அச்சிட்ட குறிப்பின்றி, தாம் உண்டறியாத ஓர் உணவைப் பிழையின்றி ஆக்குதல் எளிய திறன் அன்று. அது ஓர் அறிவு.

இவ்வறிவு எவ்வாறு பதிவாயிற்று? 1878இல் ‘வைவேன்’ என்ற புனைபெயரில் கேர்ணல் கென்னி-ஹேர்பேட் சென்னை ஐரோப்பியருக்கென ஒரு சமையல் நூலை வெளியிட்டார். அதில் தமிழ்ச் சமையற்காரர் எவராயினும் ‘ராமசாமி’ என்றே அழைக்கப்படுகின்றார். இலங்கைத் தோட்டத் துரைமாரும் தொழிலாளர் அனைவரையும் இப்பெயராலேயே சுட்டினர். சமைப்பவரும் மலையில் உழைப்பவரும் பெயரற்ற ஒரே திரளாயினர். நேர்மையாகக் கூறின், அந்நூலாசிரியர் சமையற்கட்டுகளின் இருளையும் அழுக்கையும் கண்டித்து, அதற்கு எசமானரின் அக்கறையின்மையையும் காரணமாகக் காட்டினார். ஆயினும் அவரது அக்கறை உணவின் தூய்மை பற்றியதேயன்றி உழைப்பவரின் வாழ்வு பற்றியதன்று.

இலங்கையில் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கு ஏ. எம். பேர்குசன் எழுதிய கைநூலின் பெயர் ‘இங்கே வா’. ஒரு மொழியின் வாயிலாக ஏவல் வினைமுற்று அமைந்ததிலுள்ள கருத்து வெளிப்படை. துரைக்கும் அப்புவுக்கும் இடையே பேசப்பட்ட தமிழில் ‘கொண்டு வா’, ‘எடுத்துப் போ’ என்பன உண்டு. ‘நீர் உண்டீரா’ என்னும் வினாவுக்கு இடமில்லை. 1929இல் ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூல் ஹில்டா டியூட்ரமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. ஐரோப்பிய உணவும் இந்நாட்டு உணவும் ஒருங்கே இடம்பெற்ற அந்நூல் மத்தியதர இல்லத்தரசிகளுக்குப் பெரிதும் பயன்பட்டது. எனினும் குறிப்புகள் அச்சேறின. அடுப்படியில் நின்றோர் அச்சேறவில்லை.

5

அதே 1929ஆம் ஆண்டிலே தோட்டத்தின் மறுபக்கத்தை நோக்குவோம். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929 முதல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. தோட்டம் வழங்கும் அரிசியின் விலை புசலுக்கு ரூபா 4.80. ஒரு பெண் ஒரு புசல் அரிசிக்குப் பதினொரு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும் என்பது எளிய கணக்கு. மேலும், அதே வேலைக்கு அவளுக்கு ஆணைவிட 11 சதம் குறைவு என்பதும் சட்டமாகவே எழுதப்பட்டது.

லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளே படுக்கையும் அடுப்பும் புகையும் குழந்தையும். விடியுமுன் தப்பு ஒலிக்க எழுந்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பிரட்டுக்குச் செல்பவள் பெண். மாலையில் கொழுந்து நிறுத்தபின் விறகு சுமந்து வந்து மீண்டும் அடுப்பை மூட்டுபவளும் அவளே. மறுநாள் மலையேறுவதற்கு வேண்டிய உழைப்புச் சக்தி இவ்வடுப்பிலேதான் நாள்தோறும் மறுவுற்பத்தியாகின்றது. துரைக்கு அது செலவில்லாத உற்பத்தி. குசினியில் அப்புவுக்குச் சிறுகூலியாவது உண்டு. காம்பராவிற் சமைத்தவளுக்கு அதுவுமில்லை. இங்கிலாந்தின் சிக்கனக் குடும்பத்து இல்லத்தரசியும் கந்தப்பளைக் கொழுந்துக்காரியும் தம்முள் அறியாதவர்கள். எனினும் மூலதனத்தின் கணக்குப் புத்தகத்தில் இருவரின் அடுப்பும் ஒரே வெற்றிடத்தில் உள்ளன.

மரக்கறி விளையும் மலையில் வாழ்ந்தோர் மரக்கறியாற் பசி தீர்த்தனர் என்று கொள்ளவும் இயலாது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் அரிசியும் மாவும் குறைந்தபோது தோட்டங்களிலே பட்டினி தலைவிரித்தாடியது, இறப்புகள் பெருகின. அப்போதும் நுவரெலியா மாவட்டத்திலிருந்து கோவாவும் கரட்டும் கொழும்புச் சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தன. விளைச்சல் உண்பவரை நாடுவதில்லை, வாங்குபவரையே நாடும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை உயர்ந்தபோது, ரொட்டியை நம்பியிருந்த லயங்கள் மீண்டும் இதே பாடத்தைக் கற்றன.

6

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களோடு வெள்ளைத் துரைமாரின் காலம் முடிவுற்றது. மேசை மறையவில்லை. கந்தப்பளையின் ஹெதர்செட் தோட்டத்திலே கைவிடப்பட்டிருந்த தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. 1940களில் மூடப்பட்ட சிறு புகையிரதப் பாதையின் நினைவாக, அங்கு ஒரு பழைய பெட்டி உணவகமாக்கப்பட்டுள்ளது. கட்டடத்தையும் பொறிகளையும் பேணியமை பாராட்டத்தக்கதே. ஆனால் இரும்பும் பலகையும் மரபுரிமையாகும்போது, அவற்றுக்குத் தீமூட்டிய கைகள் மரபுரிமையாவதில்லை. உல்லாசப் பயணி சுவைப்பது பங்களாவின் நினைவை. காம்பராவின் நினைவுக்கு மேசையில் இடமில்லை.

மலையக இலக்கியம் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியுள்ளது. 1914இல் பிறந்து 1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மனிதரை எழுத்தில் நிறுத்தியதோடு நாட்டார் பாடல்களையும் தொகுத்தளித்தார். அவ்வழியில் இன்னும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அது அடுப்படியின் வாய்மொழி வரலாறு. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1964இன் ஒப்பந்தமும் இம்மக்களை நாடற்றவராக்கிப் பிரித்தபோது, அப்புமாரின் அறிவும் சிதறிற்று. ஒரு பகுதி மலைநாட்டில் எஞ்சியது. மற்றொரு பகுதி நீலகிரிக்குச் சென்றது. எந்த விறகுக்கு எத்தனை தணல், கடின இறைச்சிக்கு எத்தனை கொத்து, துரைசானி கேட்காமலே சேர்த்த பச்சை மிளகாய் எத்தனை என்பன முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்களோடு அவை மறையும்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் ஏட்டுச்சுவடியைத் தேடிச் செல்வதுபோல லயங்களைத் தேடிச் செல்லவேண்டும். சமைத்தோரின் பெயரை, ஊரை, கூலியை, சொல்லைப் பதிவு செய்தல் வேண்டும். துரையின் மேசையில் என்ன இருந்தது என்பதற்குச் சான்றுகள் ஏராளம். அதனை ஆக்கியவர் அன்றிரவு தம் காம்பராவில் என்ன உண்டார் என்ற வினாவுக்கு விடை காணும்போதே மலையகத்தின் உணவு வரலாறு தொடங்கும்.