திருவள்ளூர்ப் பகுதியிற் புளிய மரம்: வாழிடம் காட்டும் பூர்விகம்

தமிழர் சமையலிலும் வைத்தியத்திலும் வழிபாட்டிலும் புளிய மரம் பெற்றிருக்கும் ஸ்தானத்தை நோக்குவார்க்கு, அஃது ஆப்பிரிக்காவின் திறந்த வனங்களிலே தோன்றி இங்கு வந்து குடியேறிய விருட்சம் என்னும் கூற்று எளிதில் ஏற்கத்தக்கதாய்த் தோன்றாது. லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் தாவரங்களை வகைப்படுத்தியபோது இந்தியாவையே இதன் அடைமொழியாக்கினார். சங்க நூல்கள் புளியை அறியும். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் வீற்றிருந்ததாகப் போற்றப்படும் மரமும் புளியே. ஆயினும் தொன்மை வேறு, பூர்விகம் வேறு. திருவள்ளூர் மாவட்டத்தின் கீழைப்பகுதியாகிய பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் இம்மரம் எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்பதை ஆராய்ந்தால் இவ்வேறுபாடு புலப்படும் என்பதும், அது மரப் பாதுகாப்பிற்கும் வழிகாட்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் மரத்தின் இயல்பு. தன் பேரினத்தில் புளி ஒன்றே இனம். ஓர் இலையில் பத்து முதல் இருபது இணைச் சிற்றிலைகள் அமைந்து, இரவில் கூம்பும். செவ்வரி ஓடிய மஞ்சட் பூவில் இதழ் மூன்றே செவ்வையாக வளர, எஞ்சிய இரண்டும் நுண்ணிழைகளாய்க் குறுகும். வளமுள்ள மகரந்தத் தாள்களும் மூன்றே. நம் வாதத்திற்கு இன்றியமையாதது கனியின் அமைப்பு. பழம் முற்றிக் காய்ந்தாலும் ஓடு தானே வெடித்து வித்தைச் சிதறுவதில்லை. டார்டாரிக் அமிலமும் சர்க்கரையும் செறிந்த சதையை நாடி வரும் பிராணியொன்று தின்று, வன்தோலுடைய கொட்டையை வேறிடத்திற் கொண்டுபோய் விட்டாலன்றி, இம்மரத்தின் சந்ததி தாயடியை விட்டு நெடுந்தூரம் செல்ல இயலாது.

பூர்விகத்தை நிர்ணயிக்க வழக்கமாகக் காட்டப்படும் ஆதாரங்கள் இரண்டு. பயறுக் குடும்பத்தின் டெட்டேரியாய்டியே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது புளி. அத்துணைக்குடும்பத்தின் இனங்களிற் பெரும்பாலன ஆப்பிரிக்காவிலேயே உள்ளன என்பர் ஒரு சாரார். ஆனால், நம் அசோகும் ஆச்சாவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஹம்போல்ட்டியாவும் அக்கிளையினவே ஆதலின், உறவு ஒன்றே கொண்டு துணிதல் தகாது. மறுசாரார் கங்கைச் சமவெளியின் நர்ஹானில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ கி.மு. 1300ஐச் சார்ந்த, புளிய மரக் கரியைக் காட்டி இந்தியாவே தாயகம் என்பர். அக்கரி மரம் இங்கே நெடுங்காலம் வாழ்ந்ததை நிறுவுமேயன்றி, இங்கே தோன்றியதை நிறுவாது. ஆகவே மூன்றாவது சான்றாகிய வாழிடத்தை நாடவேண்டும்.

ஆப்பிரிக்காவில், செனகல் முதல் எத்தியோப்பியா வரையிலும் தெற்கே மொசாம்பிக் வரையிலும், மரங்கள் இடைவிட்டு நிற்கும் புல்வனங்களிலும் ஆற்றோரங்களிலும் புளி தானே முளைத்து நிற்கிறது. கறையான் புற்றுகளின்மேல் அது விரும்பி வளர்வதும் பலரால் அறியப்பட்டது. யானையும் குரங்கும் பழத்தைத் தின்று வித்தைப் பரப்புகின்றன. மடகாஸ்கரின் தென்புல ஆற்றங்கரைக் காடுகளிலோ, வளைவால் லெமூர்களின் முக்கிய ஆகாரங்களுள் ஒன்றாகுமளவு அது மலிந்துள்ளது. ஒளியை வேண்டும் மரத்திற்குத் திறந்த வனமும், வித்தைச் சுமக்கும் விலங்கும் அங்கே ஒருங்கே வாய்த்தன.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இயற்கைக் காடு இதற்கு நேர்மாறானது. ஐப்பசி, கார்த்திகைப் பருவமழையைப் பெரிதும் நம்பி, நெடிய வறட்சியிலும் இலை உதிராது நிற்கும் சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு அது. பாலை, வீரை, காயா, எட்டி முதலியன தாழ்ந்து அடர்ந்து கவிந்திருக்கும் அந்நிழலில் ஒளி நாடும் புளிநாற்று தேறுவது அரிது. மழையளவோ மண்ணோ தடையன்று. அதே மண்ணில் காட்டிற்கு வெளியே புளி செழிக்கிறது. ஏரிக்கரை, கோயிற்புறம், தோப்பு, சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பெருவழியின் இருமருங்கு ஆகிய எல்லாம் மனிதன் வெளிச்சமாக்கி வைத்த இடங்கள். வித்தைச் சுமந்தவனும் அவனே.

புதர்க்காட்டின் நடுவிலும் புளி காணப்படுகிறதே எனின், மெய்தான். ஆனால் இங்கும் இலங்கையின் வடபுல உலர்காடுகளிலும் அத்தகைய தனிமரம் பாழடைந்த ஊரின் அடையாளமாகக் கொள்ளப்படுவது பெரும்பான்மை. பழைய கிணறோ குளக்கரையோ அருகில் இருப்பின் ஐயம் மேலும் குறையும். விதிவிலக்குப் போலத் தோன்றுவதும் விதியையே வலியுறுத்துகிறது.

இதன் பயன் யாது? பாலையை ஊரில் வெட்டினாலும், காப்புக்காடு எஞ்சியிருக்குமளவும் அங்கே அதன் வித்து எஞ்சும். புளிக்கு அத்தகைய புகலிடம் இங்கே இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை விரிந்து, கல்கத்தாப் பெருவழி அகன்று, எண்ணிட்டு ஆண்டுதோறும் மகசூல் ஏலம் விடப்பட்டுவந்த சாலைமரங்கள் வீழும்போது, வீழ்வது சில மரங்கள் மட்டுமன்று. வித்திலிருந்து வளர்ந்து ஒன்றற்கொன்று குணம் வேறுபட்ட ஒரு தொகுதியே அழிகிறது. பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 போன்ற ஒட்டுரகம் விரைந்து காய்க்கும்; ஆயினும் ஒரே தாயின் ஒட்டுகள் அவ்வேறுபாட்டை ஈடுசெய்யா. ஆதலின், காப்புக்காட்டை மீட்பவர் புளியை அங்கே நடாது பாலைக்கும் வீரைக்கும் இடம் விடுதலும், சாலையை அகலப்படுத்துவோர் வெட்டுமுன் முதுமரங்களின் வித்தையும் ஒட்டுக்குச்சியையும் திரட்டி ஏரிக்கரைகளிலும் தொழிற்பேட்டையின் திறந்த எல்லைகளிலும் நடுதலும், ஆகிய இரண்டுமே முறை. மனிதன் கொணர்ந்த மரத்தின் தொடர்ச்சிக்கு மனிதனே பொறுப்பாளி.