ஆக்கமொழிகளில் அறிவுமூலமும் உறுதிப்பாடும்

ஒரு செய்தியைக் கூறுவோர் அதனைக் கண்டு கூறுகின்றனரா, கேட்டுக் கூறுகின்றனரா என்பதை இலக்கணக் கூறாகவே வெளிப்படுத்தும் மொழிகள் பலவுள. அமெரிக்கத் தொல்குடி மொழியாகிய குவாகியுட்டலில் இத்தகைய ஒட்டுகள் உள்ளமையைப் பிரான்சு போவாசு 1911ஆம் ஆண்டிலேயே சுட்டியுள்ளார். தமிழில் 'வந்தானாம்' என்பதன் ஈற்று 'ஆம்' இவ்வகையினது. ஆயின் அவ்வீறு பிறர்கூற்று என்பதையே உணர்த்தும். சொல்பவர் அதனை நம்புகிறாரா என்பது குரலிலும் சூழலிலும் தங்கிவிடும். புதிதாக மொழி ஆக்கியோர் இவ்விடைவெளியை எவ்வாறு நிரப்பினர் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

நவஹோ மொழியில் பயிற்சியுடைய அமெரிக்க மொழியியலாளர் சூசெட் ஹேடன் எல்கின், பெண்களின் அனுபவங்களை வெளியிடற்கென 1982இல் லாஅடன் என்னும் மொழியை ஆக்கத் தொடங்கினார். 1984இல் வெளிவந்த அவரது 'நேட்டிவ் டங்' புதினத்திலும் அம்மொழி இடம்பெற்றது. இதன் வாக்கியம் கூற்றா, வினாவா என்பதை அறிவிக்கும் சொல்லோடு தொடங்கி, அறிவுமூலத்தைக் குறிக்கும் சொல்லோடு முடியும். தானே புலன்களால் அறிந்தது 'வ', யாவர்க்கும் வெளிப்படையானது 'வி', கனவில் கண்டது 'வெ', கற்பனை 'வொ'. கனவிற்குத் தனிச்சொல் அளித்தமை வியப்பிற்குரியது; மணிமேகலை எண்ணும் பத்து அளவைகளுள்ளும் கனவு இல்லை.

பிறர்கூற்றைக் குறிக்கும் சொற்களே இவற்றுள் சிறப்புடையன. 'வாஅ' என்பதன் முதல் உயிரை எடுத்தல் ஓசையால் ஒலித்தால், 'சொன்னவரை நம்புவதால் மெய்யெனக் கொள்கிறேன்' என்பது பொருள். அடுத்த உயிரை எடுத்து ஒலித்தால், 'சொன்னவரை நம்பாமையால் பொய்யெனக் கொள்கிறேன்' என்பதாம். சொன்னவர்க்குத் தீய உள்நோக்கம் உண்டென்று கருதினால் அதற்கும் தனி வடிவம் உண்டு. மெய்யோ பொய்யோ அறியேன் எனற்கு 'வோஒ' உளது. தமிழின் 'ஆம்' மறைக்க இடந்தரும் ஒன்றை லாஅடன் மறைக்கவிடுவதில்லை. இங்கு உறுதிப்பாடு என்பது நிகழ்தகவன்று. ஆள்மீது வைக்கும் நம்பிக்கையாகும். பெண்ணின் சொல் எளிதில் ஐயுறப்படும் சமூகத்தை எண்ணியே இம்மொழி படைக்கப்பட்டது என்பதை நோக்க, இவ்வமைப்பை வெறும் இலக்கண அணியெனக் கொள்ளல் பொருந்தாது.

ஜேம்ஸ் குக் பிரவுன் 1955இல் தொடங்கிய லோக்லான் மொழியின் வழித்தோன்றலாக 1987இல் உருவானது லோஜ்பான். இம்மொழியின் அறிவுமூலச் சொற்களை வகுக்க லாஅடனின் பட்டியல் பெரிதும் பயன்பட்டதை, ஜான் கவனின் 1997ஆம் ஆண்டு இலக்கணநூல் வெளிப்படையாகக் கூறுகிறது. எனினும் எல்கின் பிணைத்ததை லோஜ்பான் பிரித்துவிட்டது. 'திஹெ' என்பது கேள்வியறிவு என்பதை மட்டுமே சுட்டும். நம்பிக்கைக்கு 'யா' என்னும் வேறு சொல் உண்டு. அதனோடு அளவுச்சொற்கள் சேர, முழுநம்பிக்கை முதல் ஐயம் ஊடாக முழு அவநம்பிக்கை வரை நிலைகள் அமையும். இவற்றைப் பயன்படுத்துவதும் பேசுபவர் விருப்பமே. தருக்கத் தெளிவு கருதின் லோஜ்பான் முறையே செவ்விது. ஆனால் விருப்பம் என்றான பின் பேசுபவர் 'திஹெ' என்றளவில் நின்றுவிடலாம். அங்கே மீண்டும் நம் 'ஆம்' வந்துவிடுகிறது.

எல்கின் தம் சோதனைக்குப் பத்தாண்டு எல்லை வகுத்திருந்தார். அதற்குள் பெண்கள் லாஅடனைத் தம் மொழியாக ஏற்கவில்லை என்பதை அவரே பதிவுசெய்துள்ளார்.