இரவில் ஆனையிறவைக் கடந்த மாணவர்கள்

பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டார் சொல்லியனுப்பும் முதல் புத்தி, பொழுதுபட்டால் வெளியே திரியாதே என்பதுதான். முப்பது வருடப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் அந்தச் சொல்லை யாரும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. இருந்தாலும், ஆனையிறவு வழியாகவும் அதைச் சுற்றியும் மாணவர்கள் போய்வந்த வரலாற்றைப் பார்க்கும்போது, அவர்களைக் கரைசேர்த்தவை வேறு சில ஏற்பாடுகள் என்றே எனக்குப் படுகிறது. சேர்ந்து போனார்கள். எப்போது புறப்பட்டார்கள், எப்போது சேரவேண்டும் என்பது இரண்டு பக்கத்திலும் தெரிந்திருந்தது. வழிக்குப் பொறுப்பானவர்கள் வழியில் நின்றார்கள். இவை இருந்தபோது நடுச்சாமமும் பெரும்பாலும் தாண்டக்கூடியதாக இருந்தது. இல்லாதபோது பட்டப்பகலும் பிள்ளைகளைக் கொன்றது.

வன்னிக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடையே ஆனையிறவு நெடுங்காலமாகவே ஒரு வாசல். வன்னியில் பிடித்த யானைகளை ஆழமில்லாத கடல்நீரேரி வழியே குடாநாட்டுக்கு ஓட்டிச் சென்ற நாளிலேயே ஒல்லாந்தர் இங்கே சிறு கோட்டை வைத்து, போவோர் வருவோரைக் கண்காணித்தார்கள். 1905இல் ரயில்பாதை தெற்கோடு இணைந்த பிறகு அந்த வாசல் இரவிலும் திறந்தது. பேராதனைக்கும் கொழும்புக்கும் படிக்கப் போன வடக்கு மாணவர்களுக்கு இரவு மெயில் பழகிய வண்டி. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியதும் எதிர்த்திசையிலும் மாணவர் வந்தார்கள். வண்டியில் கார்ட் இருந்தார், டிக்கெட் பரிசோதகர் இருந்தார், ஸ்டேஷனில் விளக்கோடு ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், பெட்டி நிறையச் சனம் இருந்தது. வீட்டை விட்டு முதல்முறை பிரியும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பெற்றோர் அந்த வண்டியில் ஏற்றிவிட்டது இருட்டைப் பற்றிய பயம் இல்லாததால் அல்ல. அந்த இருட்டுக்குப் பொறுப்பான ஆட்கள் இருந்ததால்தான்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுபோனது. ஆனையிறவில் இராணுவ முகாம். 1991 கோடையில் அதைச் சுற்றிப் பெருஞ்சமர். தரைவழி அடைபட்ட சனம் கொம்படி, ஊரியான் பக்கமாகச் சேற்றிலும் நீரிலும் நடந்தது. அதுவும் முடியாமற்போனபோது கிளாலிக் கடல்நீரேரிப் பக்கம் திரும்பியது. பகலில் கடற்படையின் கண்ணில் படும் என்பதால் கிளாலியில் வள்ளங்கள் இரவில்தான் ஓடின. முன்னால் இயந்திரம் பூட்டிய வள்ளம் ஒன்று. அதன் பின்னால் கயிற்றில் பிணைத்த வள்ளங்கள். வெளிச்சம் கிடையாது. மடியில் பை, பையில் பொலித்தீனில் சுற்றிய சான்றிதழ்கள், முகத்தில் உப்புத் தண்ணீர். தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும், யாழ்ப்பாணத்தில் இடம் கிடைத்த வன்னிப் பிள்ளைகளும் இந்த நீரைத்தான் கடந்தார்கள். குடாநாட்டிலிருந்து வெளியேற விடுதலைப் புலிகளிடம் பாஸ் எடுக்கவேண்டும். இளவயதினருக்கு அது லேசில் கிடைக்கவில்லை. அக்காலத்தில் மாணவர்களுக்குப் பகலைவிட இரவே பாதுகாப்பு என்று ஆகியிருந்தது என்பதை இன்றைய புத்திமதிகள் மறந்துவிடுகின்றன.

உடனே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு கிளாலி நீரேரியில் கடற்படை தாக்கியபோது வள்ளங்களில் இருந்த பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். கூட்டமாகப் போனது அவர்களைக் காப்பாற்றவில்லையே? உண்மை. துப்பாக்கிக்கு முன்னால் துணை ஒன்றும் செய்யாது. நான் மேலே சொன்ன மூன்றில், சேர்ந்து போவதும் சொல்லிவிட்டுப் போவதும் பயணியின் கையில் இருப்பவை. மூன்றாவது, வழியில் அதிகாரம் வைத்திருப்பவனின் கையில் இருப்பது. அவன் பொறுப்பாக நடக்காத இடத்தில் பயணியின் எந்த எச்சரிக்கையும் அரைகுறைதான்.

இதற்குச் சான்று கேட்பவர்கள் போரின் நடுவிலும் போருக்குப் பின்னும் பார்க்கலாம். 1996 செப்டெம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய மாணவி செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டது பகலில். அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூடத் திரும்பவில்லை. 2015 மேயில் புங்குடுதீவில் மாணவி ஒருவர் கடத்தப்பட்டது காலையில், பள்ளிக்கூடம் போகும் வழியில். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் புதிதாகப் போன தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்தார். அவருக்கு ஆபத்து வந்தது முன்பின் தெரியாத வீதியிலிருந்தல்ல, மூத்த மாணவர்களிடமிருந்து. அடுத்த வருடம் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இந்த மூன்றிலும் "இருட்டில் திரியாதே" என்ற புத்தி யாரையும் காப்பாற்றியிராது. 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தபோது முதலில் விபத்து என்றார்கள்; உடலில் சூட்டுக்காயம் தெரியவந்த பிறகே பொலிஸார் ஐவர் கைதானார்கள். அந்த மாணவர்கள் இரவில் ஏன் வெளியே போனார்கள் என்று அன்று சிலர் கேட்டதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. கிளாலி கடந்தவர்களுக்கு வேறு வழியில்லை. இன்றைய பிள்ளை கொத்து ரொட்டி சாப்பிடவும் பிறந்தநாள் கொண்டாடவும் போகிறது, இரண்டையும் எப்படி ஒன்றாக வைக்கலாம் என்பார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் பொறியியலும் விவசாயமும் தொழில்நுட்பமும் படிக்க வருபவர்களில் பலர் தென்னிலங்கையின் தூர ஊர்களிலிருந்து வருபவர்கள். கொழும்பு பஸ் அவர்களை விடியுமுன் ஏ9 வீதியில் இறக்கிவிடும். அந்த இரவு அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. தேர்ந்தெடுத்துப் போகும் இரவும் குற்றமில்லை. பத்தொன்பது வயதில் நண்பர்களோடு ஊர் பார்க்கும் உரிமையை இந்த மண் நீண்ட காலம் இழந்திருந்தது. தடுத்து வைத்தால் பிள்ளை போகாமல் விடாது, சொல்லாமல் போகும். சொல்லாமல் போகிறபோதுதான் தேட ஆளில்லாமற் போகிறது. பெண்பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு: வீட்டில் ஏச்சு விழுமே என்ற பயத்தில், ஆபத்து வந்த பிறகும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஆகவே புதிதாக வரும் மாணவரிடம் கேட்கவேண்டியது அதிகமில்லை. சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்பவேண்டும். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் ஓட்டோ ஏறக்கூடாது. குடித்தவன் ஓட்டும் மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது. ஆனையிறவு போன்ற நேரான, வீடில்லாத, இரண்டு பக்கமும் நீராக உள்ள வீதியில் வேகம் தெரியாது, விழுந்தால் கூப்பிடக் கிட்ட ஆளில்லை. திரும்பும் காசையும் போனில் சார்ஜையும் தனியே வைத்திருக்கவேண்டும். அறையில் ஒருவருக்காவது போகும் இடமும் வரும் நேரமும் தெரியவேண்டும். மிச்சத்தைக் கேட்கவேண்டியது பல்கலைக்கழகத்திடமும் பொலிஸிடமும் போக்குவரத்துச் சபையிடமும்: கிளிநொச்சி நகரிலிருந்து வளாகத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, தரிப்பிடத்தில் விளக்கு எரிகிறதா, விடுதியில் நள்ளிரவில் தொலைபேசியை எடுப்பவர் யார், வீதியில் மறிக்கும் பொலிஸார் தமிழில் பேசுவார்களா. பெற்றோர் சங்கமும் மாணவர் ஒன்றியமும் முதல் தவணையிலேயே இவற்றை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கவேண்டும்.