இரத்தச் சுத்திகரிப்பின்போது குறை இரத்த அழுத்தம்

டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு நடைபெறும்போது நோயாளியின் இரத்த அழுத்தம் சரிவது, இச்சிகிச்சையில் அடிக்கடி காணப்படும் சிக்கல்களுள் ஒன்றாகும். கொட்டாவி, குமட்டல், வியர்வை, தசைப்பிடிப்பு, கண் இருளுதல் ஆகியன இதன் அறிகுறிகள். சிலருக்கு முன்னறிகுறி எதுவும் இராது. மீண்டும் மீண்டும் நிகழுமாயின் இதயத் தசை பாதிப்படையும்.

காரணம்

சிறுநீர் போதிய அளவு வெளியேறாததால் உடலில் சேரும் நீரை இயந்திரம் சுமார் நான்கு மணி நேரத்தில் அகற்றுகிறது. நீர் எடுக்கப்படுவது இரத்தத்திலிருந்து மட்டுமே. திசுக்களில் தேங்கிய நீர் மெதுவாகவே இரத்தக் குழாய்க்குத் திரும்பும். எடுக்கும் வேகம் அதனை மிஞ்சும்போது அழுத்தம் சரிகிறது. கால் வீங்கியிருக்கும்போதே மயக்கம் வருவது இதனால்தான்.

தடுக்கும் முறைகள்

ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு மணி நேரத்தில் 13 மில்லிலிட்டருக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு மிகுந்திருந்ததை அமெரிக்காவில் 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 60 கிலோ எடையுள்ளவரிடம் மூன்று லிட்டரை நான்கு மணி நேரத்தில் எடுத்தால் வேகம் 12.5; ஐந்து மணி நேரத்தில் 10. வேலைநேரத்தையோ இரயிலையோ எண்ணி மூன்று மணி நேரத்திலேயே முடித்துக்கொண்டால் 16.7 ஆகிவிடும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகள் பல உள்ளன. உலை வெப்பத்தில் பணிபுரிவோருக்கும், கத்திரி வெயிலில் அலைவோருக்கும் "தண்ணீரைக் குறையுங்கள்" என்ற அறிவுரை மட்டும் பயன் தராது. தாகத்தைத் தூண்டுவது பெரும்பாலும் உப்பே. ஏறத்தாழ 9 கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரை உடலில் நிறுத்திவைக்கும். எனவே ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் ஆகியவற்றைத் தவிர்த்தாலே நீர் அருந்தும் அளவு குறையும். இந்துப்பும் பெருமளவு சோடியம் குளோரைடே. அதனை மாற்றாகக் கொள்வதில் பயனில்லை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி; இந்நோயாளிகளின் இதயத் துடிப்பையே அது பாதிக்கக்கூடும்.

அளவுக்கு மீறிய நீர் இல்லாத நிலையில் உள்ள எடை உலர் எடை எனப்படும். பசி திரும்பி உடல் தேறியவருக்குப் பழைய உலர் எடையையே இலக்காக வைத்தால் தேவைக்கு மேல் நீர் எடுக்கப்படும். ஆகவே இதனை அவ்வப்போது மறுமதிப்பீடு செய்தல் வேண்டும்.

அழுத்த மாத்திரைகளை எடுக்கும் நேரத்தை மருத்துவர் மாற்றியமைக்கலாம். நோயாளி தாமே நிறுத்தலாகாது. அழுத்தம் சரியும் இயல்புடையோர் சிகிச்சையின்போது வயிறார உண்பதும் நன்றன்று. செரிமானத்திற்காக இரத்தம் குடல் பகுதிக்குத் திரும்புகிறது. சுத்திகரிப்புத் திரவத்தின் வெப்பநிலையைச் சற்றுக் குறைப்பது சிலருக்கு உதவும். எனினும் எல்லோருக்கும் அவ்வாறு செய்வதால் இதய நோயோ இறப்போ குறையவில்லை என, கனடாவில் 15,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான மைடெம்ப் ஆய்வு தெரிவித்தது.

சரிவு ஏற்பட்டால்

தலை சுற்றுவதை உடனே செவிலியரிடம் கூறவேண்டும். நீர் எடுப்பதை நிறுத்தி, கால்களை உயர்த்தி, தேவையெனில் உப்புக்கரைசல் செலுத்துவர். சிகிச்சை முடிந்த பின்னரும் அழுத்தம் சரியக்கூடும். சென்னையில் சிகிச்சை பெற்றுப் புறநகர் இரயிலில் திரும்புவோர், எழுந்து நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகே புறப்படுதல் நலம்.