அர்வரி: மீண்ட ஆறு யாருக்கு உரியது?

இராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் ஆரவல்லிக் குன்றுகளிடையே பிறக்கும் அர்வரி, மழை ஓய்ந்ததும் வறண்டுவிடும் ஆறாகவே பல்லாண்டுகள் கிடந்தது. 1985-இல் தருண் பாரத் சங்கத்தினர் அப்பகுதிக்குச் சென்றபோது, பிற பணிகள் அனைத்தினும் தண்ணீரே முதன்மை என ஊர்ப் பெரியவர்கள் உணர்த்தினர். தூர்ந்துபோன 'ஜோஹட்' எனும் பிறைவடிவ மண்கரைக் குளங்களை ஊரார் தம் உழைப்பால் மீட்டனர், புதியனவும் வெட்டினர். மேட்டுநிலத்தில் தங்கிய மழைநீர் மண்ணுள் இறங்கியது, கிணறுகள் ஊறின. 1990களின் நடுவில் அர்வரி ஆண்டு முழுதும் ஓடலாயிற்று.

நீர் வந்ததும் உரிமைச் சிக்கலும் வந்தது. 1996-இல் மாநில அரசு அந்த ஆற்றில் மீன்பிடிக்கும் குத்தகையைத் தனியாருக்கு அளித்தது. மக்கள் எதிர்த்தனர், குத்தகை நீக்கப்பட்டது. ஆயினும், மீட்ட நீரைக் காப்பது எவர் கடமை என்ற வினா எஞ்சியது. அதற்கு விடையாக, 1999-இல் ஏறத்தாழ 70 ஊர்களின் பேராளர்கள் கூடி 'அர்வரி நாடாளுமன்றத்தை' அமைத்தனர். கரும்பு போல மிகுதியான நீரை உண்ணும் பயிர்களை அது விலக்கியது. அம்மன்றத்துக்குச் சட்ட அதிகாரம் இல்லை. ஊராரின் ஒப்புதலே அதன் வலிமை. அரசிடம் உரிமை கோரிய மக்கள், தமக்கும் வரம்பு விதித்துக்கொண்டனர். அர்வரியின் வரலாற்றில் நினைக்கத்தக்கது இதுவே.